துணி அணையாடைக்கு மனமுண்டு, துவைக்க இடமுண்டா?

விலைவாசி ஏறும்போதெல்லாம் இளம் பெற்றோருக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் ஒன்று, துணி அணையாடைக்குத் திரும்புங்கள் என்பது. மாதாமாதம் அணையாடைப் பொட்டலங்களுக்குக் கொட்டும் பணம் மிச்சமாகும், குப்பையும் குறையும் என்று இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. இரண்டும் நியாயமானவைதான். ஆனால், இந்த அறிவுரை ஒரு குறிப்பிட்ட வீட்டை மனத்தில் வைத்துச் சொல்லப்படுகிறது. அந்த வீட்டில் சொந்தச் சலவை இயந்திரம் இருக்கும். அதை வைக்க இடம் இருக்கும். கொல்லைப்புறத்தில் கொடிக்கயிறு கட்டியிருக்கும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும்.

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் வாடகை அறைகளிலும் வாழும் பல குடும்பங்களுக்கு இந்த நான்கில் ஒன்றிரண்டு கட்டாயம் குறையும். அவர்களுடைய சலவை கீழ்த்தளக் கடை வரிசையில் உள்ள டோபியில் நடக்கிறது. நாணயம் போட்டு இயக்கும் அந்த இயந்திரம் நூறு குடும்பங்களுக்குப் பொதுவானது. மலம் பட்ட துணியை அதில் போடலாமா என்ற கேள்விக்கு விடை இல்லாதவரை, துணி அணையாடை என்பது வசதி உள்ளவர்களின் சிக்கனமாகவே இருக்கும்.

குப்பையில் எட்டில் ஒரு பங்கு

இது ஒரு சில வீடுகளின் குளியலறைப் பிரச்சினை மட்டுமன்று. தேசியத் திடக்கழிவு நிர்வாகத் துறைக்காக 2012-இல் நடத்தப்பட்ட ஆய்வில், நாட்டின் வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு என்றும், 13.2 விழுக்காடு பிளாஸ்டிக் என்றும் தெரிய வந்தது. அதற்கு அடுத்த இடத்தில் அணையாடைகள் இருந்தன, 12.1 விழுக்காடு. காகிதம்கூட 8.5 விழுக்காடுதான். எடைப்படி பார்த்தால் வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு, பயன்படுத்தி எறிந்த அணையாடை.

குப்பையை வீட்டிலேயே பிரிப்பது 2015 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, 672 சட்டத்தை ஏற்ற மாநிலங்களில் கட்டாயமாக்கப்பட்டது. காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் ஆகியவற்றைப் பிரித்து வைத்தால் மறுசுழற்சிக்குப் போகும். அணையாடைக்கு அந்த வழி இல்லை. அது மீதக் கழிவாகக் குப்பை கொட்டுமிடத்துக்கே போகிறது. எனவே, அணையாடைக் குப்பையைக் குறைக்க வேண்டுமானால் பயன்பாட்டைத்தான் குறைக்க வேண்டும். அப்படிக் குறைக்கச் சொல்பவர்கள், கழுவும் இடத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

கணக்கு எங்கே மாறுகிறது?

பணக் கணக்கை முதலில் பார்க்கலாம். ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு ஆறு அணையாடை, ஒன்றின் விலை 60 சென் என்று வைத்துக்கொண்டால் மாதம் 108 ரிங்கிட் ஆகிறது. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒருவர் மட்டும் உழைக்கும் குடும்பத்துக்கு, இது வருமானத்தில் ஆறு விழுக்காட்டுக்கும் அதிகம். துணிக்கு மாறினால் இந்தத் தொகை முழுவதும் மிச்சம் என்றுதான் பலரும் நினைக்கின்றனர்.

அதே கணக்கை டோபியில் வைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு முறை துவைக்க 5 ரிங்கிட், உலர்த்த 4 ரிங்கிட் என்று கொள்வோம். இரண்டு நாளுக்கு ஒரு முறை துவைத்தால் மாதம் 15 தடவை. மொத்தம் 135 ரிங்கிட். எறியும் அணையாடையைவிட இது 27 ரிங்கிட் அதிகம். துணிகள் வாங்கிய முதலீடு இதில் சேரவில்லை. அதாவது, டோபியில் துவைத்து டோபியிலேயே உலர்த்தும் குடும்பத்துக்குத் துணி அணையாடை சிக்கனமே அன்று.

துவைப்பதை மட்டும் டோபியில் செய்துவிட்டு வீட்டில் காயப்போட்டால் செலவு 75 ரிங்கிட்டாகக் குறைகிறது. மாதம் 33 ரிங்கிட் மிச்சம். ஒன்று 15 ரிங்கிட் வீதம் 24 துணிகள் வாங்க 360 ரிங்கிட் போட்டிருந்தால், அதை மீட்கவே பதினொரு மாதம் ஆகும். மூன்று நாளுக்கு ஒரு முறை துவைத்தால் செலவு 50 ரிங்கிட். மிச்சம் 58 ரிங்கிட். ஆறு மாதத்துக்குச் சற்றுப் பிறகு முதலீடு திரும்பிவிடும். ஆனால், நமது வெப்பத்தில் மூன்று நாளுக்கு மேல் ஈரத்துணியைக் கூடையில் வைத்திருந்தால் நாற்றமும் பூஞ்சையும் பிடித்துவிடும்.

விலைகள் இடத்துக்கு இடம் மாறலாம். கணக்கு சொல்லும் பாடம் மாறாது. துணி அணையாடையின் இலாபத்தைத் தீர்மானிப்பது துணியின் விலையோ தாயின் உழைப்போ மட்டுமன்று. எங்கே துவைக்கிறோம், எங்கே காயவைக்கிறோம் என்பதுதான்.

பொது இயந்திரமும் பொது நம்பிக்கையும்

பணத்துக்கு அடுத்தபடியாக வருவது கூச்சமும் அச்சமும். பல டோபிகளில் காலணி, கால்மிதி, வளர்ப்புப் பிராணிகளின் துணி ஆகியவற்றோடு அணையாடையையும் போடக்கூடாது என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். எறியும் அணையாடை தவறுதலாக உள்ளே போய்விட்டால், அதிலுள்ள பசை போன்ற உறிஞ்சுபொருள் ஊதி வெடித்து இயந்திரம் முழுக்க ஒட்டிக்கொள்ளும். அந்தத் தடைக்குக் காரணம் இருக்கிறது. ஆனால், கழுவிக் கொண்டுவந்த துணி அணையாடைக்கும் அதே தடை பொருந்துமா என்பதை எந்தப் பலகையும் சொல்வதில்லை. ஆளில்லாத கடையில் கேட்பதற்கும் யாருமில்லை.

பொதுச் சலவை இயந்திரம் இந்நாட்டில் எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதை 2017 செப்டம்பரில் எல்லாரும் பார்த்தார்கள். ஜோகூர், மூவாரில் ஒரு சுயசேவை டோபி, தூய்மையைக் காரணம் காட்டி முஸ்லிம்களுக்கு மட்டுமே என்று அறிவிப்பு வைத்தது. அப்போதைய ஜோகூர் சுல்தானும் இன்றைய மாமன்னருமான சுல்தான் இப்ராஹிம் அதைக் கடுமையாகக் கண்டித்தார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அந்த அறிவிப்பு தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால், அடுத்தவர் எதைத் துவைத்துவிட்டுப் போனார் என்ற கவலை ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. தீட்டுத் துணியைத் தனியே அலசும் நம் வீடுகளிலும் அந்தக் கவலை உண்டு. கைக்குழந்தையின் சட்டையை டோபியில் போடத் தயங்கும் எந்தத் தாயிடமும் அது உண்டு.

கவனித்துப் பார்த்தால், சமய நெறியும் சுகாதார நெறியும் இங்கே ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இஸ்லாமிய முறைப்படி மலம் பட்ட துணியில் முதலில் அசுத்தத்தை அகற்றி, நிறமும் வாடையும் போகும்வரை தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். எறியும் அணையாடையைக்கூடக் கழுவிய பிறகே குப்பையில் போடும் பழக்கம் பல மலாய்க் குடும்பங்களில் இருக்கிறது. சுகாதார அறிவுரையும் அதையேதான் சொல்கிறது: திடக்கழிவு கழிப்பறைக்குப் போகட்டும், துணி அலசப்பட்ட பிறகே இயந்திரத்துக்குப் போகட்டும். ஆக, "அணையாடை கூடாது" என்ற பலகைக்குப் பதிலாக "அலசாத துணி கூடாது" என்ற பலகை இருந்தால் பெரும்பாலோரின் கவலைக்கு அதுவே விடையாகும்.

எது சுத்தம்?

அலசியது போதுமா என்ற கேள்வி அடுத்து வருகிறது. பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவை, துணி அணையாடைகளை 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் துவைக்கச் சொல்கிறது. மருத்துவமனைத் துணிகளுக்கு அங்குள்ள விதி இன்னும் கடுமையானது: 65 பாகையில் 10 நிமிடம் அல்லது 71 பாகையில் 3 நிமிடம். நமது டோபிகளில் குளிர்ந்த நீர், வெதுவெதுப்பு, சூடு என்று பொத்தான்கள் இருக்கின்றன. அந்தச் சூடு எத்தனை பாகை என்பது பெரும்பாலும் வாடிக்கையாளருக்குத் தெரிவதில்லை. வாடிக்கையாளர் கூடுதல் காசு கொடுத்து வாங்குவது 60 பாகையா 40 பாகையா என்று சொல்லும் கடமை கடைக்காரருக்கு இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாதது. நிறைய டோபிகளில் சவர்க்காரத்தையும் துணி மென்மையாக்கியையும் இயந்திரமே ஊற்றிக்கொள்ளும். வாசனை நன்றாக இருக்கும். ஆனால், மென்மையாக்கி துணியிழையில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைக்கிறது. சில வாரங்களில் அணையாடை ஒழுகத் தொடங்கும். துணி தரமில்லை என்று நினைத்துப் பெற்றோர் அதைக் கைவிடுவார்கள். மென்மையாக்கியை நிறுத்தும் வசதி உள்ள இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதே இதற்கு வழி. தண்ணீர் புகாத மேலுறையையும் ரப்பர் பட்டை வைத்த உறையையும் டோபியின் உயர் சூட்டு உலர்த்தியில் போட்டால் அவை விரைவில் வெடித்தும் தளர்ந்தும் போகும். உள்ளே வைக்கும் பருத்தித் துணியை மட்டும் உலர்த்தியில் போட்டு, மேலுறையை வீட்டில் நிழலில் காயவைக்கலாம்.

அழுக்குத் துணியை டோபிக்குக் கொண்டுபோகும்வரை தண்ணீர் வாளியில் ஊறவைப்பது பழைய வழக்கம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இது ஆபத்து. வாளியில் சில அங்குலத் தண்ணீர் இருந்தாலே குழந்தை மூழ்கிப்போகக்கூடும். அலசிப் பிழிந்த துணியை மூடியுள்ள, ஆனால் காற்றுப் புகும் கூடையில் தண்ணீரின்றி வைப்பதே பாதுகாப்பானது.

காயப்போட இடம்

வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் துணி காயவைப்பது ஒரு பிரச்சினையா என்று கேட்கலாம். அடுக்குமாடியில் அது பிரச்சினைதான். 2013 அடுக்குமாடிச் சொத்து நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015-இல் வந்த ஒழுங்குமுறைகளின் மூன்றாம் அட்டவணையில், துணி காயவைப்பதற்கென்றே ஒரு விதி உண்டு. நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதியின்றி, வீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி துணி காயப்போடக்கூடாது. அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் போட வேண்டும். கட்டடத்தின் அழகையும் கீழே நடப்பவர்களின் பாதுகாப்பையும் கருதும்போது விதி சரியானதே. ஆனால், ஒதுக்கிய இடம் என்பது சில வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் ஒரு சிறு மாடம். அங்கே ஒரு நாளில் சில மணி நேரமே வெயில் விழும். ஐந்து பேர் துணியோடு ஆறு அணையாடையும் சேர்ந்தால், மழைக்காலத்தில் எதுவும் காயாது.

அதோடு, தண்ணீர்த் தடையும் உண்டு. 2020-இல் சிலாங்கூர் ஆற்று நீர் மாசுபட்டபோது கிள்ளான் பள்ளத்தாக்கில் பல இலட்சம் வீடுகளில் குழாய் வறண்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டு மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, சுயசேவை டோபிகளும் மூடப்பட்டன. துணி அணையாடையை மட்டுமே நம்பிய குடும்பங்கள் அந்த நாட்களில் என்ன செய்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். பொதுச் சலவையை நம்பும் வீட்டில் ஒரு பொட்டலம் எறியும் அணையாடை எப்போதும் கைவசம் இருக்க வேண்டியது சோம்பலின் அடையாளம் அன்று. அது முன்னெச்சரிக்கை.

சுற்றுச்சூழலுக்கும் நிபந்தனை உண்டு

துணி என்றாலே பூமிக்கு நல்லது என்ற முடிவும் அவசரமானது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் அமைப்பு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழந்தையின் இரண்டரை ஆண்டுக் காலத்துக்கு எறியும் அணையாடையால் ஏறக்குறைய 550 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பாதிப்பு என்றும், துணி அணையாடையால் சராசரியாக 570 கிலோ என்றும் கணக்கிடப்பட்டது. ஏறத்தாழ இரண்டும் சமம். ஆனால், இயந்திரத்தை நிறைத்துத் துவைத்து, கொடியில் காயவைத்து, அதே துணியை இரண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்தினால் பாதிப்பு 40 விழுக்காடு குறைந்தது. எல்லாவற்றையும் உலர்த்தி இயந்திரத்தில் போட்டால் 43 விழுக்காடு கூடியது. 2023-இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட புதிய ஆய்வு துணிக்குச் சாதகமாக வந்தது: எறியும் வகைக்கு 457 கிலோ, துணிக்கு 345 கிலோ.

அந்நாட்டின் மின்சாரமும் சீதோஷ்ணமும் வேறு; எண்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால், அந்த ஆய்வுகளின் அடிப்படைப் பாடம் நமக்கும் உதவும். நன்மை துணியில் மட்டும் இல்லை; துவைக்கும் முறையிலும் இருக்கிறது. டோபியின் உலர்த்தி பணத்தையும் தின்கிறது, சுற்றுச்சூழல் இலாபத்தையும் தின்கிறது.

லயத்தில் இருந்தது, அடுக்குமாடியில் இல்லாதது

தோட்டப்புறத்தில் வளர்ந்த மூத்தவர்களுக்கு அணையாடை என்ற சொல்லே புதிது. பழைய வேட்டியையும் சேலையையும் கிழித்து மடித்துக் கட்டிய காலம் அது. "நாங்களெல்லாம் இப்படித்தானே வளர்த்தோம், உங்களால் ஏன் முடியவில்லை" என்று மருமகளிடம் கேட்கும் மாமியார்கள் இன்றும் உண்டு. அந்தக் கேள்விக்கு ஒரு விடை லயத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. லயத்துக்குப் பொதுக் குழாயடி இருந்தது. முன்னும் பின்னும் திறந்த வெளி இருந்தது. வீட்டில் பாட்டியோ, அத்தையோ, மூத்த பெண்பிள்ளையோ இருந்தார்கள். அந்தப் பெண்பிள்ளையின் படிப்பு நேரத்தில்தான் பல துணிகள் துவைக்கப்பட்டன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தோட்டங்கள் மூடப்பட்டு, குடும்பங்கள் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் பிறகு பிபிஆர் அடுக்குமாடிகளுக்கும் நகர்ந்தபோது, குழாயடியும் வெயிலும் கூட்டுக் குடும்பத்தின் கைகளும் பின்தங்கிவிட்டன. கோலாலம்பூர் பிபிஆர் வீட்டுக்கு 124 ரிங்கிட் வாடகை கொடுக்கும் குடும்பத்தில் பெரும்பாலும் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். குழந்தை பராமரிப்பு மையத்திலோ பக்கத்து வீட்டு அம்மாவிடமோ விடப்படுகிறது. மலம் பட்ட துணியை அலசி, மாலையில் பையில் போட்டுத் திருப்பித் தரச் சொன்னால் பராமரிப்பாளர் ஒப்புக்கொள்வது அரிது. இந்நிலையில், துணிக்கு மாறாத தாயைப் பார்த்துச் சோம்பேறி என்பது அநியாயம்.

என்ன செய்யலாம்?

முழுமையாக மாற முடியாதவர்கள் பாதி மாறலாம். குழந்தை வீட்டில் இருக்கும் மாலையிலும் வார இறுதியிலும் துணி. இரவிலும் பராமரிப்பாளரிடமும் எறியும் வகை. நாளுக்கு மூன்று துணி என்றால் கையாலேயே அலசித் துவைக்க முடியும்; டோபி தேவைப்படாது. எறியும் அணையாடைச் செலவு மட்டும் 108-லிருந்து 54 ரிங்கிட்டாகக் குறையும். விலையுயர்ந்த பொத்தான் வைத்த வகைகளைவிட, பழைய சதுர வகைப் பருத்தித் துணி இதற்கு ஏற்றது. மடிப்பு பிரிந்துவிடுவதால் அழுக்கு எளிதில் போகும். சின்ன மாடத்திலும் விரைவாகக் காயும்.

டோபியைத் தவிர்க்க முடியாதவர்கள் சில ஒழுங்குகளைக் கடைப்பிடித்தால் அண்டை வீட்டாரின் நம்பிக்கையைக் காக்கலாம். திடக்கழிவைக் கழிப்பறையில் கொட்டி, துணியை வீட்டில் அலசிப் பிழிந்த பிறகே எடுத்துச் செல்ல வேண்டும். சூட்டு நீரில் துவைக்க வேண்டும். துவைத்து முடித்ததும் கதவின் ரப்பர் வளையத்தைத் துடைத்துவிட வேண்டும். எறியும் அணையாடையையோ ஈரத்தாளையோ கழிப்பறையில் போட்டால் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும். அது மொத்தக் கட்டடத்துக்கும் தலைவலி.

ஆனால், தனிமனித ஒழுங்கு மட்டும் போதாது. டோபிகள் ஊராட்சி மன்ற உரிமத்தோடுதான் நடக்கின்றன. உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, சூட்டின் அளவைப் பலகையில் எழுதுங்கள், ஒரு இயந்திரத்தை அதிக அழுக்குத் துணிக்கென ஒதுக்கி அதற்கு அடையாளம் வையுங்கள் என்று கேட்பது மன்றத்துக்குப் பெரிய செலவு வைக்காது. ஒதுக்கப்பட்ட இயந்திரம் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு மட்டுமன்று, படுத்த படுக்கையாக உள்ள முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கும் உதவும். அணையாடைச் செலவு அங்கே குழந்தைக்கு ஆவதைவிட அதிகம். அடுக்குமாடி நிர்வாகக் குழுக்கள் மொட்டைமாடியிலோ தரைத்தளத்திலோ பூட்டுள்ள காயப்போடும் இடம் ஒன்றை அமைக்கலாம். புதிய மலிவு வீடுகளைத் திட்டமிடுவோர் சலவை இயந்திரத்துக்கான நீரிணைப்பையும், வெயில் விழும் மாடத்தையும் படுக்கையறை அளவுக்கு முக்கியமாகக் கருத வேண்டும்.

சிங்கப்பூரின் டோபி காட்டும் பினாங்கின் வண்ணான் துறையும் ஒரு காலத்தில் நம்மவர்கள் ஊருக்காகத் துணி வெளுத்த இடங்கள். எந்தத் துணியை எப்படி வெளுப்பது என்று தெரிந்த மனிதர் அங்கே இருந்தார். அந்த மனிதரின் இடத்தில் இன்று நாணயப் பெட்டி இருக்கிறது. அதற்கு விதி எழுத வேண்டியவர்கள் ஊராட்சி மன்றத்தாரும் கடைக்காரர்களும்தான். அதை எழுதாமல் இளம் தாய்மார்களிடம் மட்டும் சிக்கனத்தையும் பசுமையையும் எதிர்பார்ப்பதில் பயனில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் வாகன நிறுத்துமிடத்தையும் குப்பைத் தொட்டியையும் பற்றிப் பேசுகிறோம். அடுத்த கூட்டத்தில் காயப்போடும் இடத்தையும் டோபிப் பலகையையும் யாராவது ஒருவர் எழுப்பினால், பேச்சு அங்கிருந்து தொடங்கும்.